பல் டாக்டர் நாற்காலியில் ஒரு வளைகாப்பு

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்குப் பிறகு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. அழகப்பன் அவர்களுக்கு,

ரத்னவேல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கமலாவும் உடம்பளவில் நலம். மனதளவில் எப்படி என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். திருச்சியில் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாகத்தான் இருப்பீர்கள்; இருக்காமல் என்ன, மகனை இங்கே அனுப்பிவிட்டீர்களே. போனில் பேசலாமென்றால், நான் வாயைத் திறப்பதற்குள் "எல்லாம் நல்லதுக்குத்தான் சம்பந்தி" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதில் தாங்கள் குறுக்கே பேச முடியாது.

தங்கள் அருமைப் புதல்வர் ஸ்ரீநாத், பழைய கட்டடங்களை இடிக்கும் கம்பெனியில் எஞ்சினியர். இடிப்பதோடு நிறுத்திக்கொள்வார் என்று நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தேன். இப்போது தோ பாயோவில் ஒரு பழைய மூவறை வீட்டை வாங்கி, இந்த ஊரில் எங்கே எது இடிபட்டாலும் அதில் ஒரு துண்டை நாகூர் கனி என்ற நண்பரின் லாரியில் ஏற்றிவந்து உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார். முப்பத்திரண்டு வருடம் ஷோரூமில் நின்று புது சோபா விற்றவன் நான். என் வீட்டு சோபாவுக்கு வயது பதினெட்டு, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை, அப்படிக் காப்பாற்றியிருக்கிறேன். என் ஒரே மகள் திவ்யதர்ஷினியின் வீட்டிலோ புதிது என்று சொல்ல இருப்பது பெயிண்ட் மட்டும்தான். அதுவும் எங்கோ மிஞ்சிய பெயிண்ட்டாம், மாப்பிள்ளையே பெருமையாகச் சொன்னார்.

வீட்டைத் தாங்கள் பார்த்ததில்லை, ஆகவே சுற்றிக்காட்டுகிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். சாப்பாட்டு மேசை, குவீன்ஸ்டவுனில் மூடிய ஓர் உணவங்காடியிலிருந்து வந்தது: வட்ட மேசை, அதோடு சேர்ந்த ஆறு முக்காலி, நடுவே முப்பத்தேழு என்று நம்பர். இந்த ஊரில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் அந்த இடம் வைத்தவருக்கு என்பது போலீஸுக்கும் மேற்பட்ட சட்டம். வளைகாப்புக்கு வந்த நம் சொந்தக்காரர்கள் மேசையைப் பார்த்ததுதான் தாமதம், ஆறு பாக்கெட்டை வைத்துவிட்டு சாப்பாடு வாங்கும் வரிசை எங்கே என்று தேடப் போய்விட்டார்கள். பெண்ணைப் பெற்ற நான் பிரியாணியை நின்றுகொண்டே சாப்பிட்டேன். முகம் கழுவலாமென்று போனால், தொட்டி தேக்கா பக்கம் மூடிப்போன ஒரு சலூனுடையது, தலைக்கு ஷாம்பு போடும் தொட்டி, மல்லாந்தால்தான் தண்ணீர் முகத்துக்கு வருகிறது. பாத்ரூம் கதவு ஒரு பல் கிளினிக் கதவு. "உங்கள் பெயரை அழைக்கும்வரை அமர்ந்திருக்கவும்" என்று இந்த ஊரின் நான்கு மொழியிலும் எழுதியிருக்கிறது. என் ஒன்றுவிட்ட தம்பி, சட்டத்தை மதிக்கிறவன், உள்ளே ஆள் இல்லை என்று தெரியாமல் இருபத்தைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு சர்க்கரை வியாதி வேறு. இதையெல்லாம் தங்கள் மகன் "கேரக்டர், மாமா" என்கிறார். ஆமாம் ஐயா, கேரக்டருக்கு ஒன்றும் குறைச்சலில்லை, உட்காரத்தான் இடமில்லை.

கிளினிக்கில் கதவை மட்டும் விட்டுவைக்க மனம் வருமா? நாற்காலியையும் தூக்கிவந்துவிட்டார். சாய்கிற, உயர்கிற, தலைக்குமேல் விளக்கு வைத்த பல் டாக்டர் நாற்காலி. ஹாலில் அதுதான் சிம்மாசனம். ஏழாம் மாதப் பெண்ணைப் பட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு, மணையில் உட்காரவைக்காமல் அதில் உட்காரவைத்தார்கள். என் அக்கா உமாமகேஸ்வரிதான் மூத்தவள் என்று முதல் வளையலை எடுத்தாள். எடுத்தவள் பாவம், கீழே இருந்த மிதியைக் கவனிக்காமல் காலை வைத்துவிட்டாள். சம்பந்தி, என் மகள் மேலே போனாள்! கையெட்டும் தூரத்தில் இருந்தவள் போகிறாள், போகிறாள், ஃபேன் பக்கம் போகிறாள். அக்கா ஒரு கையில் வளையலோடு "அடியே, இறங்குடி!" என்று எம்புகிறாள். "அத்தை, காலை எடுங்க லா!" என்று இவள், அந்த நேரத்திலும் இந்த ஊர் 'லா'வை விடாமல், மேலிருந்து கத்துகிறாள். அக்கா பதறி அடுத்த மிதியை மிதிக்க, நாற்காலி மல்லாந்தது, விளக்கு எரிந்தது. வெளிச்சம் முகத்தில் அடித்ததும் என் அக்கா, பழக்க தோஷம், தன் வாயை அகலத் திறந்துவிட்டாள். கடைசியில் என் மகளுக்குப் படுத்தபடியேதான் வளையல் அடுக்கினார்கள். அவளானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

இதுவரை நடந்ததை நான் பொறுத்துக்கொள்வேன். விஷயம் இனிமேல்தான். வளையல் போட்டதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது நம் வழக்கம். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், சரி; ஆனால் அங்கிருந்து குழந்தை வரும் முதல் வீடு எங்கள் வீடாக இருக்க வேண்டும். கமலா ஒரு மாதமாக அறையைத் துடைத்துத் துடைத்துத் தரை வழுக்குகிறது. கீழே டாக்சியை நிறுத்திவிட்டு "கிளம்பும்மா" என்றேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே "நான் வரலப்பா, குழந்தையையும் இங்கதான் கூட்டிட்டு வரப்போறேன்" என்றாள்.

"ஏம்மா, அங்க உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லப்பா. அங்க எதுல உட்கார்ந்தாலும் 'பார்த்து, பார்த்து'ன்னு சொல்வீங்க. பத்து வயசுல அந்த சோபாவுல கால் வெச்சதுக்கு ஒரு வாரம் என்கிட்ட பேசல. இங்க எல்லாமே ஏற்கெனவே அடிபட்டதுப்பா. என் பிள்ளை எதை உடைச்சாலும் யாரும் திட்ட மாட்டாங்க."

வளர்த்த பெண் இப்படிச் சொன்னால் நெஞ்சு வலிக்காதா? காத்திருந்த டாக்சியில் நானும் கமலாவும் மட்டும், நடுவில் ஓர் ஆள் இடத்தைக் காலியாக விட்டு, ஈசூன் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே தாங்கள் தகப்பனார் என்ற முறையில் மகனைக் கூப்பிட்டு, அந்தக் குப்பைக் காட்சிசாலையைக் காலி செய்து மனிதர் வாழும் வீடாக்கச் சொல்ல வேண்டும். அதுவரை என் மகளை எங்களிடம் அனுப்பச் சொல்ல வேண்டும். தங்கள் வார்த்தையை அவர் தட்ட மாட்டார் என்று கேள்வி. அதை நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்து, குடும்பம் எல்லா நலமும் பெற சமயபுரத்தாளை வேண்டுகிறேன்.

தங்கள் அன்பும் ஆற்றாமையும் மிக்க சம்பந்தி,
ரத்னவேல்

பின்குறிப்பு: மேலே உள்ளதை முழுக்க அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். இதைத் தபாலில் போடக் கீழே இறங்கினால், குப்பைத்தொட்டி பக்கத்தில் ஓர் இரும்புத் தொட்டில் ஸ்டாண்ட், ஸ்பிரிங்கோடு. சாரோங் கைலியைக் கட்டிக் குழந்தையைப் போட்டு ஆட்டுவார்களே, அந்த மாதிரி. இந்தக் கனம் இப்போது எந்த ஷோரூமிலும் கிடைக்காது, நான் சொல்கிறேன். பழைய சாமான் எடுக்கும் காராங்குனிக்காரர் அதற்குள் கையை வைத்துவிட்டார். "அங்கிள், திஸ் ஒன் மைன் லா!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கமலா மூன்றாம் மாடியிலிருந்து, "பொறக்கறதுக்கு முன்னாடி தொட்டில் வாங்கக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினாள். "வாங்கலடி, எடுக்கறேன்!" என்று நானும் கத்தினேன். முனகிக்கொண்டே வந்து, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். "தோ பாயோ ஹால்ல ஜன்னலோரம் சரியா இருக்கும். நாமளே ஒரு மாசம் அங்க போய் இருந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்ட மேலே போயிருக்கிறாள்.

தங்கள் மகன் போனை எடுக்கவில்லை. நான் நகர்ந்தால் காராங்குனிக்காரர் தூக்கிவிடுவார், எதிரிலேயே நிற்கிறார். இந்தக் கடிதத்தையே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பார்த்தவுடன் மாப்பிள்ளையைப் பிடித்து, லாரியோடு ஈசூன் வரச் சொல்லுங்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. ஸ்பிரிங் நனையக் கூடாதென்று குடையைத் தொட்டிலுக்குப் பிடித்திருக்கிறேன், எழுத்து கலைந்திருந்தால் மன்னிக்கவும்.