செல்லு போட்ட கணக்கு

தன் வேலை என்னவென்று ஒரே ஒரு முறை வாயைத் திறந்து சொன்னதற்காக ஓசூரில் இவ்வளவு பாடுபட்டவர் எங்கள் செல்லு ஒருவர்தான்.

சூளகிரிப் பக்கம் ஷிப்டுக்குப் போகும் நாங்கள் எட்டுப் பேர் தங்கியிருந்த விடுதிக்கு அவர் வந்தார். தினமும் பஸ் ஏறி பெங்களூருக்கு ஆராய்ச்சிக்குப் போவார்.

“என்ன சார் வேலை?” என்றேன்.

“செல் எப்படி நகருதுன்னு கணக்குப் போடறேன்.”

மறுநாள் அவர் கட்டிலில் ரிப்பேருக்கு மூன்று போன்கள் கிடந்தன. ‘செல்லு’ என்ற பெயரும் அன்றே விழுந்தது.

“ஐயோ, இது உடம்புல இருக்கற செல்லுங்க! மெத்துனு இருக்கற எடத்த விட்டுட்டு கெட்டியான எடத்தப் பாத்து நகரும்.”

“காலே இல்லாம எப்புடிங்க போவும்?”

“ஒட்டிப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவும். புண்ணு மூடறதும் அப்படி நகந்து வந்துதான்.”

எங்களுக்குப் புரியவைக்க, மெத்தைகளை வராந்தாவில் விரித்து, அந்தக் கோடியில் பலகைகளைப் போட்டு, கண்ணைக் கட்டித் தவழவிட்டார். மீசை வைத்த எட்டுப் பேர் தவழ்வதை வீட்டுக்காரர் வந்து பார்த்தார். வந்த வழியே திரும்பிவிட்டார். மறுநாள் வாசலில், ‘இங்கு குடிக்கக் கூடாது’ என்று ஒரு அட்டை தொங்கியது.

சமையல்கார நாகம்மா அக்காவுக்குச் சர்க்கரை. பாதத்தில் ஒரு புண் ஒரு மாதமாக ஆறவில்லை.

“நீ செல்லு டாக்டருதானே சாமி, கொஞ்சம் பாரு.”

பார்த்தவர் முகம் மாறியது. “நான் காகிதத்துலதான் புண்ண மூடுவேன் அக்கா, கால்ல மூடத் தெரியாது. வண்டில ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“ரசம் கொதிக்குது சாமி!”

“இவரு பாத்துப்பாரு,” என்று என்னைக் காட்டினார். அன்று எல்லோரும் ஓட்டலில்தான் சாப்பிட்டோம்.

இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலையே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதன் பிறகு கட்டு மாற்றும் நாளெல்லாம் செல்லுதான் அக்காவை ஸ்கூட்டரில் அழைத்துப் போனார். நர்சைக் கெஞ்சி, கண்ணாடித் தாளில் புண்ணின் விளிம்பை வரைந்து வாங்கிவருவார். அதை வைத்துக் கணக்குப் போட்டு, “ஆயுத பூஜைக்குள்ள மூடிரும்!” என்று சாப்பாட்டு வேளையில் அறிவித்தார்.

ஆயுத பூஜை போயிற்று. தீபாவளியும் போயிற்று. கார்த்திகை கழிந்துதான் புண் மூடியது. அக்கா பாயசம் வைத்தார். நாங்கள் இரண்டாவது டம்ளருக்குப் போய்விட்டோம். செல்லு மட்டும் துக்க வீட்டுக்காரர் போல உட்கார்ந்திருந்தார்.

“கணக்கு தப்பாயிடுச்சு அக்கா.”

“காலு வந்துச்சில்ல? கணக்கு மெதுவா வரட்டும். குடி சாமி.”

அடுத்த வருடம் வேறு ஊரில் வேலை கிடைத்து, செல்லு அறையைக் காலி செய்தார். அன்று அக்கா அடுப்பு மூட்டவில்லை.