ரிவர்ஸ் போட மறுத்த கியர் அண்ணாச்சி

அந்தமான் தீவுகளில் தானாக நடக்கிற எதையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஜங்லிகாட் கியர் அண்ணாச்சிதான். மழைகூட அவரிடம் சொல்லாமல் பெய்தால் கோபம் வந்துவிடும். நான் குமாஸ்தாவாக இருந்த சர்க்கார் ஆபீசில் ஸ்பிரிங் வைத்த கதவு ஒன்று உண்டு. விட்டால் தானே மூடிக்கொள்ளும். அண்ணாச்சி விட மாட்டார். உள்ளே வந்ததும் திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்து அதன் வேகத்தை அடக்கி, தன் கையால் மூடிவிட்டுத்தான் எங்களுக்கு வணக்கம் சொல்வார்.

கப்பல் வருகிற நாளில் நாங்களெல்லாம் ஊர்க் கடிதத்துக்கும் வெங்காயத்துக்கும் துறைமுக ஜெட்டியில் காத்து நிற்போம். அண்ணாச்சி மட்டும் துண்டை வீசி, “வா, வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் கொஞ்சம்... போதும்!” என்று கத்துவார். அத்தனை பெரிய கப்பல் ஜெட்டியில் இடிக்காமல் நின்றதும் எங்களைத் திரும்பிப் பார்த்து, “பாத்தீராவே?” என்பார். கப்பலின் கேப்டனுக்கு இப்படி ஒருவர் இருப்பதே கடைசிவரை தெரியாது.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். சர்ச்சில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்க வேண்டும். ஜங்லிகாட்டில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. நான் குடியிருந்த மாடிவீட்டை ஒட்டித்தான் அவருடைய ஒர்க்‌ஷாப். அதாவது, நாலு மரத்தூணும் ஒரு தகரக் கூரையும், பின்னால் அவர் தூங்க ஒரு சின்ன அறையும். வாசலில் யுத்த காலத்து மிலிட்டரி லாரி ஒன்றின் பின் ஆக்ஸில் பல வருஷமாகக் கிடந்தது. டீ குடிக்க வருகிறவர்கள், அரட்டையடிக்க வருகிறவர்கள், சும்மா வருகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் பெஞ்சு.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு காண்ட்ராக்டர் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மதுரைக்காரரான அவர் புரோத்ராபூரில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். மணலும் செங்கலும் ஏற்ற, யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய அமெரிக்க வண்டியை ஏலத்தில் எடுத்திருந்தார். அதில் கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறும். டாலிகஞ்ச் போகிற வழியிலுள்ள மேட்டில் மட்டும் தானாக நழுவவும் செய்யும். அதற்கான ஆயில் தீவில் எந்தக் கடையிலும் இல்லை.

“தானா மாறுதா?” என்றார் அண்ணாச்சி, பாம்பைப் பார்த்தவர் போல ஓர் அடி பின்வாங்கி. “யாரைக் கேட்டு மாறுது?”

“அதனாலதான் அண்ணாச்சி, கப்பல்ல ஏத்தி மெட்ராஸுக்கு அனுப்பலாம்னு பாக்குறேன். கைக் கியரா மாத்துறதெல்லாம் மெயின்லேண்ட் வேலை. இங்க ஆகாது.”

அவ்வளவுதான். அண்ணாச்சியின் மீசை எழுந்து நின்றது.

“மெயின்லேண்ட்ல மனுசனுக்கு ரெண்டு கைக்கு மேல இருக்கா? நான் மாத்துதேன்வே! மணல் லோடோட ஃபர்ஸ்ட், செகண்ட் போட்டு அந்த மேட்டுல ஏத்திக் காட்டுதேன். ஏறலைன்னா இந்தத் தகரத்தைக் கழத்தி உமக்கே குடுத்துட்டு, அடுத்த கப்பல்ல நானும் மெயின்லேண்ட் போயிருதேன். போதுமா?”

காண்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சிக்கு அக்கரையில் வீடோ, வாசலோ, வாருங்கள் என்று சொல்ல ஆளோ கிடையாது என்பது எனக்குத் தெரியும். சொன்ன சொல்லை விழுங்குகிற ஆளும் அவரில்லை.

வேலை தொடங்கியது. அந்த அமெரிக்கக் கியர்பாக்ஸை இறக்கிய அன்று அண்ணாச்சி அதோடு பேசவே மறுத்துவிட்டார். மிலிட்டரி லாரியின் கியர்பாக்ஸும் கிளட்சும் அவரிடம் இருந்தன. எஞ்சினோடு அவை பொருந்தவில்லை. நடுவில் கொடுக்க, உடைத்த கப்பலின் இரும்புத் தகடு ஒன்றை வெல்டர் தாதா அறுத்துக் கொடுத்தார். தாதா, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர். அண்ணாச்சிக்கு வங்காளம் தெரியாது, தாதாவுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் தீவு இந்தியில் நாள் முழுக்கச் சண்டை போட்டபடியே அருமையாக வேலை செய்வார்கள். வண்டியின் தரையில் ஓட்டை போட்டு கியர் கம்பியை நட்டார்கள். அதன் தலைக்குப் படாக் மரத்தில் ஒரு குமிழ். கிளட்ச் மிதி எந்த வண்டியிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை; அந்த வாரம் இரண்டு ஜீப்காரர்கள் அண்ணாச்சியை முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

பிக்கப்பின் சொந்த ஆக்ஸிலும் லாரி கியர்பாக்ஸும் ஒத்துப்போகவில்லை. அதனால் எங்கள் பெஞ்சும் வண்டிக்கடியில் போனது. நாங்கள் நின்றுகொண்டு டீ குடித்தோம்.

பின்பக்கத்தை மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்து எஞ்சினை முடுக்கினார் அண்ணாச்சி. ஃபர்ஸ்ட் போட்டார். சக்கரம் சுற்றியது. செகண்ட் போட்டார். இன்னும் வேகமாகச் சுற்றியது. தெருவே கைதட்டியது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எங்களில் ஒரு புத்திசாலிகூடப் பார்க்கவில்லை.

கப்பல் வந்து ஜெட்டியில் நின்ற அன்று காலையில் பரீட்சை. மேட்டின் அடிவாரத்தில் பாதி ஜங்லிகாட்டும் கூடியிருந்தது. வண்டி நிறைய மணல். அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டு, ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு, கிளட்சை விட்டார். பிக்கப் கம்பீரமாக உறுமிக்கொண்டு பின்னால் போனது.

“அண்ணா! காடி பீச்சே ஜா ரஹா ஹை!” என்று, வண்டி பின்னால் போவதைத் தீவு இந்தியில் அலறினார் தாதா.

“மாலும் ஹை! மாலும் ஹை!” என்று, தனக்கும் தெரியும் என்பதைப் பதிலுக்கு அலறினார் அண்ணாச்சி. செகண்ட் போட்டார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கூட்டம் சிதறியது.

வண்டி நின்றதும் நான் ஓடிப்போய் அடியில் எட்டிப் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது. அந்த ஆக்ஸில் வாசலில் கிடந்த காலமெல்லாம் தலைகீழாகவே கிடந்திருக்கிறது. நாங்கள் உட்கார்ந்து தேய்த்த பக்கத்தை மேல்பக்கம் என்று நினைத்து, அப்படியே மாட்டிவிட்டார்கள். ஆக்ஸில் புரண்டால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும். இப்போது வண்டிக்கு நாலு கியர் பின்னால் போகும்; ரிவர்ஸ் போட்டால்தான் முன்னால் வரும்.

காண்ட்ராக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஜன்னலருகே போய் ரகசியமாகச் சொன்னேன். “அண்ணாச்சி, ரிவர்ஸைப் போடுங்க. நேரா மேலே ஏறிடும். ஜெயிச்சிடலாம்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“வேய் கிளார்க்கு, நான் சொன்னது என்ன? ஃபர்ஸ்ட், செகண்ட். ரிவர்ஸைப் போட்டு ஏறிட்டு ஜெயிச்சேன்னு சொல்லவா? கியர் அண்ணாச்சி கள்ளக் கியர் போட மாட்டான்வே. தள்ளி நில்லும்!”

வண்டியைப் பின்னாலேயே ஓட்டி, அரைவட்டம் வளைத்துத் திருப்பி, மூக்கு கடலைப் பார்க்க, முதுகு மேட்டைப் பார்க்க நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை வளைத்து நீட்டினார். ஃபர்ஸ்ட். வண்டி பின்பக்கமாக மேடேறத் தொடங்கியது. நடு மேட்டில், பழைய கியர் வழக்கமாக நழுவுகிற இடத்தில், செகண்ட் போட்டார். வண்டி நழுவவில்லை. மணலில் ஒரு கைப்பிடிகூடச் சிந்தாமல் உச்சியில் போய் நின்றது.

தமிழிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் எழுந்த கூச்சல் ஜெட்டிவரை கேட்டிருக்கும். தாதா அழுதேவிட்டார். எனக்கும் என்னமோ நானே அந்தத் தீவைக் கட்டி எழுப்பிய மாதிரி ஒரு பெருமை.

“ஏறிச்சா, இல்லியா?” என்று மேலிருந்து கத்தினார் அண்ணாச்சி. “ஏறணும்னுதானே பேச்சு? மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு பேசலியே!”

காண்ட்ராக்டர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். மெட்ராஸ் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆக்ஸிலை மறுநாளே புரட்டிப் போட்டார்கள். அதன்பின் பல வருஷம் அந்த வண்டி ஒழுங்காக முன்னால் பார்த்தே புரோத்ராபூர் போய்வந்தது.

அன்று பரீட்சை முடிந்ததும் எல்லோரும் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினோம். குடிக்கத் தண்ணீர் எடுக்க, அண்ணாச்சி தூங்குகிற பின்னறைக்குள் போனேன். பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. தகரப் பெட்டியைச் சுற்றிக் கயிறு முடிச்சிட்டிருந்தது. அதன்மேல், சுவரில் எப்போதும் மாட்டியிருக்கும் மாதா படம் வேட்டியில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தது. அத்தனை ஜம்பமும் அடித்துவிட்டு, மனிதர் போவதற்குத் தயாராகத்தான் மேட்டுக்கு வந்திருக்கிறார்.

பின்னால் வந்து நின்றவர், “என்னவே பாக்கீரு? சொன்னா சொன்னதுதானே?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

நான் படத்தைப் பிரித்து ஆணியில் மாட்டினேன். கயிற்று முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன். அவர் அதைக் கடப்பாரைக்கும் அசையாதபடி இறுக்கியிருந்தார். இருவரும் சேர்ந்துதான் அவிழ்த்தோம். ஜெட்டியில் கப்பல் சங்கு ஊதியது; வழியனுப்பத் துண்டு வீச அன்றைக்கு அண்ணாச்சி போகவில்லை. அந்தக் கப்பலில் அவர் ஏறியிருந்தால், அதற்கடுத்த கப்பலில் நானும் டிக்கெட் எடுத்திருப்பேன்.