பூட்டு மிஸ் ஆடிய ஆட்டம்

சிங்கப்பூரில் எல்லாரும் எல்லாவற்றையும் படம்பிடித்து இணையத்தில் போட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது பூட்டு மிஸ் ஒருவர்தான்.

தமிழர் கடைவீதியான தேக்காவில் ஒரு பூக்கடைக்கு மேலே எங்கள் டியூஷன் வகுப்பு. நான் கணக்கு வாத்தியார், அவர் தமிழ் டீச்சர். "பூட்டி வை, பூட்டி வை" என்று பிள்ளைகளின் கைத்தொலைபேசியைப் பார்க்கும்போதெல்லாம் புலம்பியதால் வந்த பெயர் அது. கல்யாண விருந்தில் கேமரா திரும்பினால் அப்பளத்தால் முகத்தை மறைத்துக்கொள்வார். அப்பளம் தீர்ந்துவிட்டால் என் முதுகு.

"காலையில என்ன சாப்பிட்டேன்னு ஊருக்கே சொல்றியே, கணக்கு மார்க்கையும் போடேன்!"

"ஐயோ மிஸ், அது பிரைவேட் லா!" என்று சிங்கப்பூர் 'லா' போட்டுக் கத்துவான் மாணவன்.

"பாத்தியா, எதை மறைக்கணும்னு உனக்கே தெரியுது."

ஒருமுறை செங்காங் வட்டாரத்திலிருந்து வரும் பையன் ஒருவன் போட்ட படத்தின் ஜன்னலை மட்டும் பார்த்து, அவன் அடுக்குமாடி புளோக்கையும் மாடியையும் சொல்லிவிட்டார். "நாளைக்கு வர்றேன், அம்மாவ மீ கோரெங் செய்யச் சொல்லு." பையன் அன்றைக்கே படத்தை நீக்கிவிட்டான்.

பிறகு எங்கள் மாணவி நிஷாவின் விஷயம் வந்தது. தன்னை வேண்டாமென்ற பையனை நினைத்து அழுதுகொண்டே பாடிய காணொளியை வகுப்புத் தோழி ஒருத்திக்கு மட்டும் அனுப்பியிருந்தாள். மறுநாள் வகுப்பில் எல்லார் தொலைபேசியிலும் அவள் அழுதுகொண்டிருந்தாள். நிஷா வருவதை நிறுத்திவிட்டாள். சிரித்தவர்களை மிஸ் திட்டவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மாலை மழை விட்டிருந்தது. தீபாவளி விளக்குகள் ஈரச் சாலையில் மிதந்தன. மல்லிகை வாசம் மாடிப்படி ஏறி வந்தது.

"எல்லாரும் போனை எடுங்க. படம் பிடிங்க" என்றார் மிஸ்.

ஆடினார்! ஐம்பதைத் தாண்டியவர், கட்டைக் குரலில் தானே பாடிக்கொண்டு, முந்தானை பறக்க, தண்ணீருக்குள் சுழல்பவர்போல மெல்ல மெல்லச் சுற்றினார். ஜன்னல் வழியே வந்த நீலமும் சிவப்பும் அவர் மேல் வழிந்தன. கடைசிச் சுற்றில் வெள்ளைப் பலகையில் மோதி நின்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என் மானம் இப்ப உங்க கையில" என்றார் மூச்சு வாங்க. "என்ன வேணும்னாலும் செய்யுங்க. நிஷாவும் இப்படி நம்பித்தான் கொடுத்தா."

சிரிப்பு நின்றது. அந்தத் தோழி முதலில் அழுதாள். "அழிச்சிட்டேன் மிஸ். உங்களோடது, அவளோடது, ரெண்டும்." மற்ற விரல்களும் ஒவ்வொன்றாய் நகர்ந்தன. வகுப்பு முடிந்ததும் அவள் நேராக நிஷா வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் நிஷா வந்தாள். மிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லேட்டா வந்துட்டு என்ன நிக்கிற? உக்காரு, எழுது."

அந்த ஆட்டம் இன்றுவரை எங்கேயும் வெளிவரவில்லை.

மிஸ் இப்போது தீவின் வடகோடியில், மார்சிலிங்கில் குடியிருக்கிறார். அங்கிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் எனக்குக் கூட்டல்கூடத் தப்பாகிறது. அவர் வருகிறாரா என்று ஜன்னலருகே போய் நின்றுகொள்கிறேன்.