தவளையின் ஈரல் எந்தப் பிரிவில் வரும்

கல்லாற்றில் சேரும் ஓடைக்கரையில், சுற்றுலாப் பயணிகள் இடையூறின்றிச் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் பொருட்டு மரங்கள் வெட்டப்பட்டன. படம் பளிச்சென்று விழுந்தது. வெயிலும் விழுந்தது. தவளைகள் சாகத் தொடங்கின.

திருவனந்தபுரத்தில் விலங்கியல் ஆய்வாளராக இருந்த ஜெயஷீலா, செத்த தவளைகளை அறுத்துப் பார்த்தாள். புற ஊதாக் கதிர் தோலோடு நிற்கவில்லை. ஈரல் வீங்கி, சிறுநீரகம் கெட்டுக் கிடந்தது. மனசு கேட்காமல், நீர்நில உயிர்கள் இயக்ககத்துக்குப் போய் ஹரிகுமார் என்ற அதிகாரியைப் பார்த்தாள்.

“தோல்ல ஒண்ணும் காணலியே மேடம்” என்றார் அவர்.

“பாதிப்பு உள்ளுறுப்புலதான் சார். ஓடைக்கு மறுபடி நிழல் வேணும்.”

“அதாக்கும் சிக்கல். தவளையோட வெளிப்பக்கம் மட்டும்தான் நம்ம பிரிவு. உள்பக்கம் மாடியில.”

மாடியில் உள்ளுறுப்புப் பிரிவின் ஸ்ரீகண்டன் அன்போடு உட்காரச் சொன்னார். “ஈரல் எங்களோடதுதான். ஆனா வெயில் வெளியிலேர்ந்துன்னா வருது? அது கீழே.”

ஜெயஷீலா ஏறி இறங்கிக் களைத்த பிறகு, இரு பிரிவும் மனமொத்து ஓடைக்கு நிழல் வலை வழங்கின. திறப்பு விழாவன்று விருந்தினர்கள் வெயிலில் வாடியதால், பொதுநலன் கருதி வலை மேடைக்கு மேலே கட்டப்பட்டது. வேறெங்கும் நிழல் இல்லை. ஜெயஷீலாவும் அதன் கீழேதான் உட்கார்ந்தாள்.

தவளைகள் சாகும் செய்தி, நகரை ஒட்டிய கழக்கூட்டத்து ஐ.டி. இளைஞர்களை உருக்கியது. ஸ்ரீப்ரியா என்ற பெண்ணின் தலைமையில், தவளைகளுக்கு ஆதரவாக உடம்பெங்கும் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு ஓடையில் இறங்கி வீடியோ எடுத்தார்கள். வாரந்தோறும் புதுக் கூட்டம் வந்தது.

“கிரீம் தண்ணில கரையுது, கரையேறுங்கம்மா” என்றாள் ஜெயஷீலா.

“பயப்படாதீங்க சேச்சி, இது ஹெர்பல்.”

மழைக்காலம் வந்தது. ஓடையில் சத்தமே இல்லை. இரு அதிகாரிகளும் கூட்டு ஆய்வு செய்து, ஈரல் பாதிக்கப்பட்ட தவளை ஒன்றுகூடத் தென்படவில்லை என்று மகிழ்ச்சியுடன் அறிவித்தார்கள்.

“தவளையே தென்படலை சார்” என்றாள் ஜெயஷீலா.

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்” என்றார் ஹரிகுமார். “திட்டம் ஜெயிச்சாச்சுன்னா உங்க ஆய்வையும் இன்னும் கொஞ்ச காலம் நீட்டிச்சுத் தரலாம்.”

அவள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நீட்டிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டாள்.

ஒரு மாலை, அதே கரையில் பாராட்டு விழா. ஜெயஷீலாவுக்குச் சால்வை போர்த்தியதும் எழுந்த கைத்தட்டல் ஓயவே இல்லை. பேச்சு நடக்கும்போதும் தட்டினார்கள். பேச்சு முடிந்த பிறகும் தட்டினார்கள். ஹரிகுமார் நெகிழ்ந்துபோனார்.

“ஜனங்களுக்கு எவ்வளவு ஆர்வம் பாத்தீரா?”

ஸ்ரீகண்டன் தன் கழுத்தில் ஓங்கி அறைந்துகொண்டார். “கொசு ஓய்.”

தங்களைத் தின்னத் தவளை இல்லாத கரையில் கொசுக்கள் மேகமாக எழுந்தன. ஜெயஷீலா சால்வையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, தானும் தட்டத் தொடங்கினாள்.