ஒன்பது வயது ஸ்பானியம்

இக்கதையைக் கேட்போர் முதற்கண் அறிய வேண்டியவை சில உள. ஸ்பெயினின் தெருவேல் நகர முதியோர் இல்லத்தில் வேலை நிரந்தரமாக வேண்டுமெனில், ஸ்பானிய மொழியறிவுச் சான்றிதழ் வேண்டும். அதை வழங்கும் அலுவலகம் பத்தரைக்குக் காப்பி குடிக்க எழுந்தால், பன்னிரண்டுக்கு முன் அமர்வதில்லை. ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்த சியாலா, குழந்தைகள் கதைப்புத்தகங்களையும் சொற்புதிர்களையும் கொண்டே அம்மொழியைக் கற்றவள். நூலகத்தில் அவளுக்கு முதலில் புரிந்த அலமாரி அது ஒன்றுதான்.

வெள்ளிக்குள் சான்றிதழ் வராவிட்டால் வேலை வேறொருத்திக்கு. சியாலா வியாழனன்று வந்தாள்.

"ஸ்பானிஷ் எங்க படிச்சீங்கம்மா?" என்றார் எழுத்தர் பெலார்மினோ.

"நூலகத்துல ஐயா. நரிக் கதை, முள்ளெலிக் கதை, அப்புறம் நாப்பது புதிர்ப் புத்தகம்."

"அதுல என்ன போட்டிருக்கு?"

"நரி திருடுது. கடைசியில மன்னிப்புக் கேட்குது."

"அட்டையிலம்மா."

"ஒன்பது வயதுவரைன்னு."

பெலார்மினோ பேனாவை மூடினார். "அப்ப உங்க ஸ்பானிஷுக்கு ஒன்பது வயசு. மைனர் ஸ்பானிஷ் தனியா விண்ணப்பிக்க முடியாது. காப்பாளர் கையெழுத்து வேணும்."

"எனக்கு அம்பத்திரண்டு ஆச்சு ஐயா."

"உங்களுக்கு ஆச்சு. அதுக்கு ஆகலையே."

மணி பத்தரை. சட்டம் எழுந்து எதிர்க் காப்பிக்கடைக்குச் சென்றது, சியாலாவும் பின்தொடர்ந்தாள். காப்பிக்கும் உருளைக்கிழங்கு முட்டை அடைக்கும் நடுவே நாளிதழை விரித்த பெலார்மினோ, புதிர்க் கட்டமொன்றில் நெடுநேரம் தேங்கி நின்றார்.

"முதுகுல முள்ளு, பயந்தா பந்தாச் சுருண்டுக்கும். என்னவா இருக்கும்?"

"முள்ளெலி ஐயா."

கட்டம் நிரம்பியது. அடுத்த நான்கும் அவள் சொல்லியே நிரம்பின.

"இவ்வளவு தெரியுதே, சான்றிதழ் தரக் கூடாதா?"

"தெரியறது வேற, படிச்சது வேறம்மா. மேலிடத்துச் சுற்றறிக்கை படிச்சதைத்தான் கேட்குது."

"சரி, காப்பாளரா நீங்களே போடுங்களேன்."

ஐந்து விடைகளுக்குக் கடன்பட்ட மனிதரால் மறுக்க முடியவில்லை. "போடறேன். என் ஸ்பானிஷ் மேஜர்தான்னு ஒரு அத்தாட்சி மட்டும் இணைக்கணும். எதைப் படிக்கிறேன்னு..." என்று நாளிதழைத் திருப்பினார். பக்கத்தின் தலைப்பைச் சியாலாவே வாசித்தாள்: 'சிறுவர் பகுதி, எட்டு வயதுவரை'.

"விடுங்க தம்பி," என்றாள் சியாலா. "நான் ஒரு வயசு மூத்தவ."

பெலார்மினோ நேர்மையானவர். உண்மையை அன்றே மேலிடத்திற்கு எழுதி அனுப்பினார். மேலிடம் அலுவலகத்தார் அனைவரின் ஸ்பானிய வயதையும் சோதித்தது.

பின்னர் உறுதிசெய்யப்பட்டவை வருமாறு:

பெலார்மினோவின் ஸ்பானியத்திற்கு வயது எட்டு.

அலுவலக இயக்குநர் ஒப்துலியா சுற்றறிக்கையன்றி வேறெதையும் படிப்பதில்லை. சுற்றறிக்கையில் வயது அச்சிடப்படாததால், அவருடைய ஸ்பானியம் பிறந்ததற்கே ஆதாரமில்லை.

அலுவலகத்தில் அகப்பட்டவற்றுள் மூத்த ஸ்பானியம் சியாலாவுடையதே. ஆதலால் ஊழியர்களின் விடுப்பு விண்ணப்பங்களில் காப்பாளராக அவளே கையெழுத்திடுகிறாள். அவளுடைய விண்ணப்பம் மட்டும், வயது வந்த ஒருவரை எதிர்நோக்கி நிலுவையில் உள்ளது.

நிரந்தர வேலை, சான்றிதழ் உடைய வேறொருத்திக்குக் கிடைத்தது. முதியோர் பேசுவது அவளுக்கு விளங்காமையால், அதை விளக்கிச் சொல்லச் சியாலாவைத் தற்காலிகமாக நியமித்திருக்கிறார்கள்.