டிவியைக் கழுவினேன், படமும் வந்தது

நான் டிவியைக் கழுவினேன் என்பது உண்மைதான். அதை நான் மறுத்ததே இல்லை. ஆனால் கழுவிய பிறகு படம் வந்ததா, இல்லையா? இந்த ஒரு கேள்வியை மட்டும் என் சொந்தபந்தத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பசியாவரம். சுற்றிலும் உப்புத்தண்ணீர் ஏரி, காற்றெல்லாம் உப்பு. என் மனைவி வசந்தி, எளாவூர்ப் பக்கத்து நெல் விவசாயியின் மகள். கல்யாணத்தன்றே மாமனார், "உப்புக் காத்துல ஒரு சாமான் நிக்காது மாப்ள. பேசாம எங்க ஊருக்கே வந்துடுங்க" என்றார். வீட்டோடு மாப்பிள்ளை (அதாவது, மாமனார் வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டும் உத்தியோகம்). மாட்டேன் என்றேன். "சரி, இந்த டிவி ஒரு வருசம் தாங்குதானு பாப்போம்" என்றார். தனக்குச் சுவரில் மாட்டும் புது டிவி வாங்கிக்கொண்டு, முதுகு புடைத்த பழைய டிவியைச் சீர்வரிசையாகத் தள்ளிவிட்டவர், பரீட்சை வேறு வைக்கிறார்.

வருடம் முடியப் போகும்போது, விருந்துக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அந்த வாரமே டிவி 'உஸ்' என்று சீறியது. படம் நாலு பக்கமும் சுருங்கி அணைந்தது.

"நைனா பாத்தாருனா அவ்ளோதான். மூட்டையக் கட்டச் சொல்வாரு" என்றாள் வசந்தி.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால், படகில் ஏறினால் தலை சுற்றும் என்றான். (சாயங்காலமானால் சரக்குக் கடையில் சுற்றாத தலை.) நானே திறந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தேன். படக்குழாயில் செருகியிருந்த தடித்த ஒயரைத் தொட்டதும் தூக்கியடித்து, அரிசி டிரம்மில் போய் மோதினேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டை உள்ளே பதுக்கி வைத்துக்கொள்ளும் சாமானை எவன் வீட்டுக்குள் விட்டது?

உள்ளே போர்டு முழுக்க வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. படகு எஞ்சினில் உப்பு ஏறினால் என்ன செய்வோம்? நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்போம். எஞ்சினுக்கு ஒரு நியாயம், டிவிக்கு ஒரு நியாயமா? படகில் வந்து இறங்கிய குடிதண்ணீரை எடுத்துப் போர்டையும் பின்மூடியையும் அலசினேன்.

"குடிக்கிற தண்ணில டிவியக் குளிப்பாட்றான் பாரு" என்று அம்மா ஊரைக் கூட்டினாள். அவள் சென்னாகுன்னி காயவைத்திருந்த தார்ப்பாயின் ஓரத்திலேயே எல்லாவற்றையும் பரப்பினேன். நகத்தளவுகூட இல்லாத அந்தப் பொடி இறாலை ஏரிக்காற்று எங்கே கொண்டுபோய்ச் செருகியது என்று கவனிக்காமல், காய்ந்ததும் எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன்.

மாமனார் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் டிவிக்கு எதிரே உட்கார்ந்தார். "இன்னா மாப்ள, ஓடுதா?"

போட்டேன். படம் வந்தது. பளிச்சென்று வந்தது. மாமனாருக்கு எதிரே கால்மேல் கால் போட்டுக்கொண்டேன் (முதலும் கடைசியும்).

டிவி சூடேறியது.

"கருவாடு தீயுது பாரும்மா" என்றார் மாமனார்.

"கோழிதான் நைனா வெச்சிருக்கேன்" என்றாள் வசந்தி.

வாசம் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து டிவி முன்னால் உட்கார்ந்தது. மாமனார் எழுந்து போய், பின்மூடியின் துளையிலிருந்து நன்றாக வறுபட்ட ஒரு பொடி இறாலை நகத்தால் நெம்பி எடுத்தார்.

"கழுவினீங்களா?"

"உப்பு பூத்திருந்துச்சு மாமா."

கையிலிருந்த இறாலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எங்க ஊருக்கு வர வேணாம் மாப்ள, இங்கயே இருங்க. அங்க கெணத்துல மோட்டார் இருக்குது."

அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஜெயித்தது நான்தான். ஆனாலும் இன்றுவரை தெருவில் யாராவது கருவாடு வறுத்தால், என் மகள் மூக்கை உறிஞ்சி, "யார் வீட்லயோ டிவி போட்டுட்டாங்க" என்கிறாள். அவள் பிறந்ததே அந்த டிவி போன பிறகு. படம் எவ்வளவு தெளிவாக வந்தது என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.