தட்டியில் ஒரு துளை

கணவர்களில் ஓர் இனம் உண்டு. மனைவி பார்க்க ஆசைப்படும் சினிமாவை முதலில் தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இனம். இவர்களுக்கு வெளி அடையாளம் எதுவும் கிடையாது. நம்மைப்போலத்தான் வேட்டி கட்டுவார்கள், நம்மைப்போலத்தான் வெற்றிலை போடுவார்கள், பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் மட்டம் இறங்கினால் நம்மைப்போலவே முகம் வாடுவார்கள். புதுப்படம் வந்திருக்கிறது என்று மாட்டுவண்டியில் கொட்டடித்துக்கொண்டு போகிற நாளில் மட்டும் தனியாகத் தெரிவார்கள். நோட்டீசை வாங்கி இரண்டு பக்கமும் படித்து, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டுக்குள் பார்த்து ஒரு குரல் கொடுப்பார்கள்.

"முதல்ல நான் ஒண்ணு பாத்துட்டு வந்து சொல்லுகேன்."

எதற்கு? கேட்டுப் பாருங்கள். கூட்டம் எப்படி என்று பார்க்க. பெஞ்சில் மூட்டைப்பூச்சி உண்டா என்று பார்க்க. திரும்பி வரும் வழியில் வெளிச்சம் இருக்குமா என்று பார்க்க. கதை, நம்ம வீட்டுப் பெண்கள் பார்க்கிற மாதிரியான கதைதானா என்று பார்க்க. கடைசிக் காரணத்தைக் கடைசியில்தான் சொல்வார்கள். குரலையும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள்.

புராணப்படம் என்றால் சிரமம் இல்லை என்று நினைக்கிறீர்களா? அதிலும் முனிவரின் தவம் கலைகிற கட்டம் ஒன்று வருமே. அங்கே இவர்கள் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

இந்த இனத்துக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் சுசீந்திரம் வள்ளிநாயகம் பிள்ளையைத் தருகிறேன். கோட்டாற்றில் ஓர் அரிசி மண்டியில் சரக்கு பார்க்கிறவர். மூட்டையை அவிழ்க்கமாட்டார். கையில் குத்தூசி, ஒரு சாண் நீளத்தில், நடுவில் பள்ளம் விட்ட இரும்பு. சாக்கில் ஒரு குத்து. பள்ளத்தின் வழியே உள்ளங்கையில் விழும் ஒரு பிடி அரிசியைப் பார்ப்பார், முகர்வார், இரண்டு மணியைக் கடிப்பார். மூட்டையின் அடி முதல் வாய் வரை தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். மண்டி முதலாளியே மறுபேச்சு பேசமாட்டார். அதனால் அவருக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. எதையும் ஓர் இடத்தில் குத்திப் பார்த்தால் போதும்.

மனைவி பெயர் அழகியநாயகி. அவளையும் அவ்வப்போது ஒரு கேள்வியால் குத்திப் பார்ப்பார்; இதுவரை எந்தக் குத்துக்கும் தவறான மணி விழுந்ததில்லை.

அந்த வருஷம் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து, வயல் காய்ந்ததும் ஊருக்கு மேற்கே சினிமாக் கொட்டகை போட்டார்கள். ஊரில் எங்கே இரண்டு பேர் நின்றாலும் எல்லையைப் பற்றித்தான் பேச்சு: நாம் திருவிதாங்கூரோடு இருப்போமா, தமிழ்நாட்டோடு சேர்வோமா? வள்ளிநாயகம் பிள்ளையும் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் படம் வரும்வரை.

படத்தின் கதை இதுதான். ஒரு வக்கீல். நல்லவர். அவருக்கு ஒரு மனைவி. எதிர்வீட்டு மாடிக்கு, நோயில் கிடந்து தேறிவருகிற ஒருவன் குடிவருகிறான். அவன் ஜன்னலருகே உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான். இவள் ஜன்னலருகே நின்று தலை உலர்த்துகிறாள். கடிதம் இல்லை. சந்திப்பு இல்லை. ஒரு வார்த்தை இல்லை. வக்கீல் சந்தேகப்படுகிறார், வேர்க்கிறார், கோர்ட்டிலிருந்து பாதியில் ஓடிவருகிறார். ஓடிவந்து பார்த்தால் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஒருநாள் அவள் ஜன்னலைச் சாத்துகிறாள். சாத்தும்போது தனியாக, தனக்குள், லேசாகச் சிரிக்கிறாள். அவ்வளவுதான். கடைசியில் எதிர்வீட்டுக்காரன் உடம்பு தேறி ஊருக்குப் போய்விடுகிறான். கத்திக்குத்து இல்லை, விஷம் இல்லை, கிணற்றில் குதிக்க ஆள் இல்லை. தரை டிக்கெட்டுக்காரர்கள் விசிலடித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

வள்ளிநாயகம் பிள்ளை எழுந்திருக்கவில்லை. ஞானதாசன் வந்து, "அண்ணாச்சி, படம் முடிஞ்சாச்சு" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஞானதாசன் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன்.

வீட்டில் அழகியநாயகி காத்திருந்தாள்.

"படம் எப்பிடி?"

"கொள்ளாது. நல்லா இல்ல."

"கொள்ளாதுன்னா?"

"ஒண்ணும் நடக்கல்ல."

"ஒண்ணும் நடக்காத படத்த நான் பாத்தா என்னா?"

ஏதாவது நடந்திருந்தால் அதைச் சொல்லித் தடுத்துவிடலாம். ஓடிப்போனாள் என்றால் ஓடிப்போனவள் கதை, கெட்ட படம். ஒன்றுமே செய்யாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சிரிக்கிறவளை என்ன செய்வது? அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்? எந்த மூட்டையின் எந்த மணி அது?

மறுநாள் மண்டியில் கணக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார். அந்தச் சிரிப்பை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் புரிந்துவிடும். புரியவில்லை. அதற்கு மறுநாளும் போனார். இப்போது இன்னொரு சங்கடம் சேர்ந்துகொண்டது. சிரிப்பைச் சோதிக்கப் போனவருக்குச் சிரிப்பு பிடித்துப்போய்விட்டது. அந்தக் கட்டம் நெருங்கும்போது வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் ஜன்னலைச் சாத்தும்போது, எதிர்வீட்டு மாடியில் தான் உட்கார்ந்திருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. மடியில் புத்தகம்கூட இருந்தது. வள்ளிநாயகம் பிள்ளை பஞ்சாங்கம் தவிர வேறு புத்தகத்தைத் தொட்டவர் அல்ல.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு நியாயமான ஆளை எதிர்பார்ப்பீர்கள். 'மனம் என்றால் இப்படித்தான், நமக்கே இப்படியென்றால் அவளுக்கும் ஏதோ இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்' என்று அவர் நினைத்திருக்கலாம். முதல் பாதியை நினைத்தார். 'நமக்கே இப்படியென்றால்!' என்று நினைத்ததும் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் மேற்கு ஜன்னலை அறைந்து மூடினார்.

"ஏன் அடைக்கியோ?"

"பூச்சி வருகு."

"பங்குனி மாசம். அடுப்புக்க முன்னால நான் வெந்து சாவணுமா? காத்து வரது இது ஒண்ணு வழியாத்தான்."

"வாசல் இருக்குல்லா?"

அவள் அவருடைய துண்டை எடுத்து முகர்ந்தாள். பீடிப்புகை நாற்றம். அவர் பீடி குடிப்பவர் அல்ல. அரிசி மண்டியில் பீடி பற்றவைக்க விடவும் மாட்டார்கள். துண்டை மடித்துக் கொடியில் போட்டாள்.

ஆணி அடித்தும் தூக்கம் வரவில்லை. கடைசியில் தன் தொழில்படியே ஒரு முடிவுக்கு வந்தார். அழகியநாயகியைப் படத்துக்கு அழைத்துப் போவது. அந்தச் சிரிப்பு வரும்போது அவள் முகத்தைப் பார்ப்பது. அவளும் சிரித்தால்? சிரித்தால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. மூட்டையைக் குத்தும்போது யாரும் அதை யோசிப்பதில்லை.

"நாளைக்கு முதல் ஆட்டம் போவோம்" என்றார்.

"கொள்ளாதுன்னு சொன்னது?"

"ஒருமட்டம் பாக்கலாம்."

கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் ஆள் உயரத்துக்குத் தென்னோலைத் தட்டி. ஊரின் எல்லை எங்கே என்று பெரிய மனிதர்கள் முடிவு செய்யாமல் இருந்த வருஷத்தில், இந்த எல்லை மட்டும் உறுதியாக நின்றது. அழகியநாயகி உள்ளே போகுமுன் அவர் சொல்லிக்கொடுத்தார்: "தட்டியை ஒட்டி இரு. பெஞ்சுக்க அத்தத்துல. அங்கதான் காத்து வரும்." அவர் தட்டிக்கு இந்தப் பக்கம், அதே வரிசையில், பெஞ்சின் ஓரத்தில் இடம் பிடித்தார். மடியில் குத்தூசி.

எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். தட்டியின் இந்தப் பக்கத்துப் பீடிப்புகை மொத்தமும் அந்தப் பக்கம்தான் போகும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இடைவேளைக்குள் அழகியநாயகிக்கு இருமல் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பூங்கனி, "நீ இஞ்ச மாறி இரு மக்கா, எனக்கு இந்தப் பொக பழக்கம்" என்று தான் ஓரத்துக்கு வந்தாள். பூங்கனி ஆரல்வாய்மொழியில் பட்டாணிக் கடை வைத்திருக்கிறவள். பெஞ்சில் இரண்டு பேர் இடத்தில் ஒருத்தியாக உட்காரக்கூடியவள். தங்கச்சி வீட்டுக்கு வந்த இடத்தில் படத்துக்கு வந்திருந்தாள்.

திரையில் வக்கீல் வேர்க்கத் தொடங்கினார். வள்ளிநாயகம் பிள்ளையும். அந்தக் கட்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குத்தூசியை எடுத்து, கீற்று கீற்றாகப் பின்னியிருந்த தட்டியில் முகத்துக்கு நேராக வைத்து, சாக்கில் குத்துகிற பழக்கத்தில் ஒரே குத்து.

"எக்க அம்மோ! பாம்பு!"

பெண்கள் பக்கம் முழுவதும் பெஞ்சுமேல் ஏறியது. படம் நின்றது. விளக்கு எரிந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு பூங்கனி எழுந்தாள். தட்டியிலிருந்து இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"பாம்பு இல்லட்டீ. எந்தக் கரிமுடிவான்லே அது? வெளிய வாலே!"

எல்லோரும் வள்ளிநாயகம் பிள்ளையைப் பார்த்தார்கள். குத்தூசியின் பிடி இன்னும் அவர் கையில் இருந்தது. வேறு யாராவது என்றால் கையையாவது எடுத்திருப்பார்கள்.

"காத்து… காத்து வரட்டும்னு…" என்றார்.

"காத்து வர எனக்க தோள்லயா ஓட்ட போடுகேரு?"

"பொம்பளய பக்கம் எட்டிப் பாக்கதுக்கு ஓட்ட" என்று பின்னாலிருந்து ஒருவர் தெளிவுபடுத்தினார். "போலீசுல குடுக்கணும்." இன்னொருவர் போலீஸ்வரை போக வேண்டியதில்லை என்று சொல்லிச் சட்டைக் கையை மடக்கினார்.

"நான் படம் பாக்க வந்தவன்" என்றார் வள்ளிநாயகம் பிள்ளை.

"படம் அங்கல்லா ஓடுகு" என்றாள் பூங்கனி. "ஓட்டைக்குள்ளயா ஓடுகு?"

அப்போது ஞானதாசன் உதவிக்கு வந்தான். நல்ல பையன், கெட்ட எண்ணம் இல்லாதவன். "அண்ணாச்சி அப்பிடிப்பட்டவரு இல்ல. தெனமும் வருவாரு. ஒத்தைக்குத்தான் வருவாரு. கடசிவரைக்கும் இருப்பாரு."

இதைக் கேட்டதும் சட்டைக் கையை மடக்குகிறவர்கள் அதிகமானார்கள்.

அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊர்ப்பெண்களை எட்டிப்பார்த்தவன் என்று பெயர் வாங்கலாம். இல்லை, சொந்த மனைவியைச் சந்தேகப்பட்டவன் என்று ஒத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லை, திரையில் சிரிப்பவளுக்காகத் தினமும் வந்தவன் என்று சொல்லிவிடலாம். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு உண்மைகள் கைவசம் இருக்கின்றன. எதையும் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை.

தட்டிக்கு மேலே அழகியநாயகியின் தலை தெரிந்தது. பெஞ்சில் ஏறி நின்றிருந்தாள். அவள் 'யாரோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆணியடித்த ஜன்னலை நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். குத்தூசியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"தெனமும் வந்தியளா?"

அவர் குத்தூசியைத் தட்டியிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

"மண்டியில கணக்கு முடியல்லேன்னு சொன்னது இதுக்கா?"

தலையசைத்தார்.

"யாரப் பாக்க?"

வள்ளிநாயகம் பிள்ளை கையை நீட்டித் திரையைக் காட்டினார். விளக்கு வெளிச்சத்தில் அது வெறும் வெள்ளைத் துணியாக இருந்தது. தரை டிக்கெட்டில் யாரோ சிரித்தார்கள்.

"அது தெனமும். இன்னைக்கு ஓட்ட போட்டது யாரப் பாக்க?"

"உன்னய."

"எனக்க மூஞ்சிய வீட்டுல வச்சுப் பாத்தா தெரியாதா?"

கொட்டகை முழுவதும் சிரித்தது. சட்டைக் கைகள் இறங்கின. அழகியநாயகி மட்டும் சிரிக்கவில்லை. பூங்கனி பக்கம் திரும்பினாள்.

"எனக்க வீட்டுக்காரருதான் அக்கா. வேற கெட்ட சீலம் ஒண்ணும் கெடையாது. சாக்கக் குத்திக் குத்திக் கை அப்பிடி ஆயிப்போச்சு. காயம் பெருசா? மஞ்ச வச்சுத் தாறேன். இருங்கோ, படத்தப் போடச் சொல்லுங்கோ."

படம் மறுபடி ஓடியது. அந்தக் கட்டம் வந்தது. வக்கீல் மனைவி ஜன்னலைச் சாத்தினாள், தனக்குள் சிரித்தாள். வள்ளிநாயகம் பிள்ளை திரையைப் பார்க்கவில்லை, தட்டியையும் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டிக்கு அப்பால் பெண்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். எதற்கு? திரையைப் பார்த்தா, அவரை நினைத்தா? அந்தச் சிரிப்பில் அழகியநாயகியின் சிரிப்பு எது? காது கொடுத்துக் கேட்டார். கலந்து கிடந்த அரிசியில் ஒரு மணியைத் தேடுவதுபோல இருந்தது. முதல்முறையாக அவருக்குச் சரக்கு பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் அடுப்பு பற்றவைக்குமுன் அழகியநாயகி கேட்டாள்: "கொறடு எங்க இருக்கு?"

அவரே எடுத்துவந்து ஆணிகளைப் பிடுங்கினார். ஜன்னல் திறந்தது. காற்று வந்தது. அந்த ஜன்னல் வழியாக வெளியே என்ன தெரிகிறது என்று அவர் அதுவரை பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். ஒரு வைக்கோல் படப்பு. அதன் நிழலில் ஓர் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

ஆறுதல் அடைந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. எருமையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். எதிரில் ஆளே இல்லாதபோதும் ஒருத்தி ஜன்னலருகே நின்று சிரிக்க முடியும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு ஆணி இன்னும் யாரும் செய்யவில்லை.

போகட்டும், அது அவர் பாடு. உங்களைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையை முதலில் நீங்கள் எடுத்துப் படிப்பது எழுத்து அச்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான். படித்து முடித்ததும் இதை வீட்டில் கொடுக்கலாமா, வேண்டாமா என்று ஒரு யோசனை வந்திருக்கும், அதுவும் இயற்கைதான். யோசியுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இந்தப் பக்கத்தின் கீழ் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பாருங்கள். மஞ்சள் அரைத்த விரலின் ரேகை ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால், இன்று மத்தியானம் அடுக்களையில் ஒருவர் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது எதற்கென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

தெரியவில்லை என்றால்தான் சங்கடம். அப்படியானால் அந்தச் சிரிப்பு எதற்கு?